நிறம் மாறிய நொய்யல்

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு முன் எங்கள் புவியியல் சிஸ்டர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். "உலகில் எங்கும் இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்யுங்கள். அந்நாட்டில் ஓர் ஆற்றை ஓடவிடுங்கள். அது பிறக்கும் மலை, வந்து சேரும் கிளையாறுகள், கரையில் தோன்றிய ஊர்கள், அவ்வூர்களின் வரலாறு ஆகியவற்றை வரைபடத்தோடு எழுதி வாருங்கள்" என்பதே அவ்வேலை. நால்வர் நால்வராகச் சேர்ந்து செய்யலாம் என்று அனுமதியும் தந்தார்கள்.

எங்கள் குழு மிகுந்த உற்சாகத்தோடு இறங்கியது. எங்கள் கற்பனை நாட்டு ஆற்றில் திங்கட்கிழமை சிவப்பு நீர் ஓடும். செவ்வாயன்று நீல நீர். புதனன்று பச்சை. பாலத்தின் அடியில் வெண்ணுரை பஞ்சுப் பொதிபோல் குவிந்து கிடக்கும். அந்நாட்டு அரசன் பெரும் பொருள் செலவிட்டு ஓர் அணை கட்டுவான். கட்டி முடித்ததும் உழவர்களே கூடி வந்து, "அரசே, இதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம்" என்று மன்றாடுவார்கள். வண்ணப் பென்சில்கள் தேயத் தேய வரைந்து கொடுத்தோம். பரிசு எங்களுக்கே என்று எண்ணியிருந்தோம்.

திரும்பி வந்த தாளின் ஓரத்தில் சிஸ்டர் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "படம் நன்று. ஆனால் இதில் கற்பனை எங்கே?"

நாங்கள் மூவர் விழித்தோம். நான்காமவள் தலைகுனிந்து சிரித்தாள். இந்த யோசனைகளை எல்லாம் சொன்னவள் அவளே. அவளுடைய அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். சிறுமியாக இருந்தபோது அவர் சொல்லக் கேட்ட நொய்யல் ஆற்றைத்தான் அவள் எங்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறாள்! திருப்பூருக்குப் பல முறை சென்றிருக்கிறோம். பேருந்து பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்தியும் இருக்கிறோம். அதன் வரலாற்றை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. "அப்படியானால் உண்மை ஆற்றையே எழுதுங்கள்" என்றார்கள் சிஸ்டர். விடுமுறையில் நாங்கள் கற்றதும் கண்டதும் கேட்டதுமே இக்கட்டுரை.

பிறப்பும் போக்கும்

கோயம்புத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக வெள்ளியங்கிரி மலை ஓங்கி நிற்கிறது. அதன் சரிவுகளில் பெரியாறு, சின்னாறு முதலிய ஓடைகள் பிறந்து அடிவாரத்தில் ஒன்று கூடுகின்றன. அதற்குப் பின்னரே நொய்யல் என்னும் பெயர் வருகிறது. பழங்காலத்தில் இதற்குக் காஞ்சி நதி என்று பெயர். பேரூர்த் தல வரலாற்றில் காஞ்சிமாநதி எனப் போற்றப்படுவது இதுவே. நம் வீடுகளில் நொய் என்றால் உடைந்த அரிசி. ஆற்றுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்று கேட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆகவே அதை இங்கு எழுதவில்லை.

மலையை விட்டு இறங்கிய நொய்யல் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய மாவட்டங்களின் வழியே சென்று, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் பெற்ற சிற்றூரில் காவிரியோடு கலக்கிறது. இதன் நீளத்தை 160 கி.மீ. என்பாரும் உண்டு, 180 கி.மீ. என்பாரும் உண்டு. எப்படியாயினும் சிற்றாறுதான். காவிரியின் கிளைகளில் பவானிக்கும் அமராவதிக்கும் இடையே ஒடுங்கி ஓடும் தங்கை என்று இதனைச் சொல்லலாம்.

நம் அவிநாசி நொய்யலின் கரையில் இல்லை. ஆனால் நமக்கும் அதற்கும் உறவு உண்டு. அவிநாசியை ஒட்டிச் செல்லும் நல்லாறு, திருமுருகன்பூண்டி வழியே சென்று, நஞ்சராயன் குளத்தை நிரப்பி, பிறகு நொய்யலில் சேர்கிறது. நாம் அதை ஆறு என்று மதிப்பதே இல்லை. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அது வெறும் பள்ளமாகக் கிடக்கிறது. குருடிமலைப் பக்கம் தோன்றும் கௌசிகா நதியும் இப்படியே வந்து வஞ்சிபாளையத்துக்கு அருகில் நொய்யலில் சேருகிறது.

இங்கே ஒரு செய்தியைத் தோழியர் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வருவன எல்லாம் இதனால்தான் விளங்கும். நொய்யல் பிறக்கும் மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. அது ஓடும் சமவெளியிலோ ஆண்டுக்குப் பெய்வது 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. மலை மழையைத் தடுத்து விடுவதால் நாம் மழைமறைவுப் பகுதியில் வாழ்கிறோம். ஆகவே இவ்வாற்றில் மழை நாட்களில் வெள்ளம் வரும். மற்ற மாதங்களில் ஏறக்குறைய ஒன்றும் வராது. ஆண்டெல்லாம் ஓடும் ஆறு அன்று இது.

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். வந்த வெள்ளத்தை ஓடவிடாமல் பிடித்து வைக்க ஆற்றின் குறுக்கே இருபதுக்கும் மேற்பட்ட சிறு அணைக்கட்டுகளைக் கட்டினார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டு அவற்றுள் புகழ் பெற்றது. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் வாய்க்கால் பிரிந்து குளத்துக்குப் போகும். அக்குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குப் போகும். உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் என்று இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட குளங்கள். குளத்து நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளை நிரப்பும். நொய்யலின் தண்ணீர் ஆற்றில் இருந்ததைவிடக் குளத்திலும் கிணற்றிலும்தான் மிகுதியாக இருந்தது என்று சொன்னாலும் தவறில்லை. நாங்கள் வரைந்த கற்பனை ஆற்றில் இத்தனை நுட்பம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பழம்பெருமை

சங்க நூலாகிய பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்றோர் ஊர், அணிகலன்களுக்குப் பேர் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அதுவே நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணல் என்று அறிஞர் கூறுவர். 1985 முதல் பல முறை அங்கே அகழாய்வு நடந்துள்ளது. மண்ணுக்கடியில் ஒரு தொழில் நகரமே கிடைத்தது! இரும்பை உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகள், பாதி துளையிட்ட நிலையில் விடப்பட்ட கற்கள், தமிழி எழுத்தில் ஆதன், கண்ணன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. காங்கேயத்துக்கு அருகில் படியூரில் கிடைக்கும் பச்சை நிறக் கல்லை ரோமாபுரிப் பெண்கள் விரும்பி அணிந்தார்களாம். அதற்கு ஈடாக வந்த ரோமானியக் காசுகள் வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் புதையலாகக் கிடைத்துள்ளன. மேலைக் கடற்கரையிலிருந்த முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே நொய்யலை ஒட்டிக் கரூருக்கு வணிகர் சென்ற பெருவழி இருந்திருக்கிறது.

கொடுமணலில் கிடைத்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது மணியும் அன்று, காசும் அன்று. சுட்ட மண்ணால் செய்த தக்களி வட்டுகளும், அவற்றோடு கிடைத்த ஒரு துண்டு பருத்தியும்தான்! ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாற்றங்கரையில் பெண்கள் நூல் நூற்றிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் இன்று செய்வதும் அதே நூலோடு தொடர்புடைய வேலை அல்லவா?

இடையில் வந்த சேரர், சோழர், மற்ற மன்னர்களின் செய்திகளைப் பாடநூலிலேயே படிக்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம். சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன், நொய்யல் ஓடும் திருப்பூரில் 1932 ஜனவரியில் கொடியேந்தி ஊர்வலம் சென்றபோது தடியடி பட்டு, 11ஆம் நாள் உயிர் நீத்தார். கொடியைக் கடைசி வரை விடாததால் கொடிகாத்த குமரன் ஆனார்.

வெள்ளை நிறமும் மற்ற நிறங்களும்

திருப்பூரைச் சுற்றிப் பருத்தி விளைந்தது. ரயில் பாதையும் இருந்தது. பஞ்சு அரைக்கும் ஆலைகள் முதலில் வந்தன. 1920-களில் பனியன் பின்னும் இயந்திரம் வந்தது. அக்காலப் பனியன் வெள்ளைதான். அதற்குச் சலவை மட்டும் போதும். ஆற்றோரத்தில் சலவைப்பட்டறைகள் எழுந்தன. 1970-களின் இறுதியிலிருந்து வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கின. வெளிநாட்டார் வெள்ளை பனியன் மட்டும் கேட்கவில்லை. சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, கறுப்புச் சட்டை கேட்டார்கள். சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஊர் வளர்ந்தது, மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும், பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் பிழைக்க வந்தார்கள். எங்கள் குழுவின் நால்வரில் இருவர் குடும்பங்கள் அப்படி வந்தவையே.

சாயப்பட்டறைக்கு நிறையத் தண்ணீர் தேவை. நொய்யலில்தான் ஆண்டெல்லாம் தண்ணீர் இல்லையே! ஆகவே சுற்றுவட்டார ஊர்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நல்ல நீர் திருப்பூருக்குப் போயிற்று. போன நீர் சாயமாகி ஆற்றில் விழுந்தது. இப்படியாக, ஓடாத ஆறு ஓடத் தொடங்கியது. நாளுக்கொரு நிறமாக ஓடியது.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். நிறம்தான் ஆற்றைக் கெடுத்தது என்று எண்ணி அப்படியே எழுதி வைத்தோம். தோழியின் அப்பா அதைப் படித்துவிட்டு, "நெறம் இல்லம்மா, உப்பு" என்றார். எங்களுக்கு வியப்பாயிற்று. உப்பா? சாயத்தில் உப்புக்கு என்ன வேலை?

அவர் விளக்கியதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு சாயத்தைத் தள்ளுகிறது. சாயம் தண்ணீரிலேயே இருந்துவிடப் பார்க்கும். அந்தத் தொட்டியில் உப்பைக் கொட்டினால் தள்ளும் தன்மை குறைந்து, சாயம் துணியில் போய் ஒட்டும். ஒரு லிட்டர் நீருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். அடர்ந்த நிறமானால் ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு ஆகிவிடும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம்தான் உப்பு. அப்படியானால் ஒரு கறுப்புச் சட்டையின் சாயத்தொட்டி கடலைவிட உப்பானது! சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு ஏறாது. போட்ட உப்பு அத்தனையும் கழிவு நீரோடு வெளியே வரும்.

1990-களின் பிற்பகுதியில் பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. சுண்ணாம்பும் வேறு சில மருந்துகளும் கலந்தால் நிறம் கசடாகி அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்ப்பவர்க்கு ஆறு சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் கரைந்த உப்பு சுண்ணாம்புக்கு அடங்குமா? அது தெளிந்த நீரோடு ஆற்றுக்குப் போயிற்று. நிறத்தைப் பார்த்துப் பயந்த அளவுக்கு உப்பைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. சில நல்ல ஆண்டுகள் இதில் வீணாயின என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பவானி போன்ற நீர்வளமுள்ள ஆற்றில் இந்த உப்பு விழுந்திருந்தால் ஓரளவாவது நீர்த்துப் போயிருக்கும். நொய்யலில் நீர்க்கச் செய்ய நீரே இல்லை. மழைமறைவுப் பகுதி என்று முன்னே சொன்னோமே, அதன் பொருள் எங்களுக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. புவியியல் புத்தகத்தில் அது ஒரு மதிப்பெண் வினா.

ஒரத்துப்பாளையம்

திருப்பூருக்குக் கிழக்கே, கொடுமணலிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில் ஒரத்துப்பாளையம் அணை உள்ளது. நாற்பது அடி உயர அணை. கீழே கரூர் வரை உள்ள வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்டு 1992-ல் திறக்கப்பட்டது. அரசு நல்லெண்ணத்தோடுதான் கட்டியது. ஆனால் அணையில் வந்து தங்கியது வெள்ள நீர் மட்டுமன்று, திருப்பூர்ச் சாயநீரும்தான். தேங்கிய நீர் நிலத்தில் இறங்கிச் சுற்றிலுமுள்ள கிணறுகளைச் சேர்ந்தது. குளமும் கிணறும் நல்ல நீரை எப்படிப் பகிர்ந்துகொண்டனவோ, அப்படியே உப்பு நீரையும் பகிர்ந்துகொண்டன.

எங்கள் குழுவில் இன்னொருத்தியின் அமுச்சி அவ்வணைக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறார். விடுமுறையில் ஒரு நாள் நால்வரும் அங்கே சென்றோம். சாயப்பட்டறைக்காரர் மகளும் உடன் வந்தாள். பேருந்தில் ஏறியது முதல் அவள் அதிகம் பேசவில்லை.

அமுச்சி எங்களை அமர வைத்துக் கம்மங்கூழ் கொடுத்தார். கிணற்றைக் காட்டச் சொன்னோம். நல்ல ஆழமான, கல்கட்டு உள்ள கிணறு. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"தண்ணி கெடக்குது கண்ணு, என்ன பிரயோசனம்? மாடு மோந்து பார்த்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். ரெண்டு சோடி காங்கேயம் மாடு இருந்துச்சு. வித்துப்போட்டோம்."

"அப்புறம் வெள்ளாமைக்கு என்னங்க அமுச்சி பண்ணுனீங்க?"

"மஞ்சள் போட்டோம், இலை நுனி காஞ்சு கருகிப்போச்சு. தென்னை சாகலை, ஆனா காயி எலுமிச்சங்காயாட்டம் சிறுத்துப்போச்சு. மழை வந்தா எல்லாரும் சந்தோசப்படுவாங்க. நாங்க பயப்படுவோம். ஆத்துல தண்ணி வந்தாத்தான் கூடவே அதுவும் வரும்."

கிணற்று நீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டோம். புறப்படும்போது அமுச்சி எங்கள் தோழியிடம், "நீயி யாரு பொண்ணு கண்ணு? அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். அவள் ஒரு கணம் தயங்கி, "சாயப்பட்டறைலீங்க" என்றாள். அமுச்சி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று ஒரு கை முருங்கைக்காய் கொண்டுவந்து அவள் பையில் வைத்தார்.

பள்ளி திறந்ததும் ஆய்வுக்கூடத்தில் மூன்று நீரைக் கொதிக்க வைத்தோம். ஒன்று எங்கள் வீட்டுக் குடிநீர். ஒன்று திருப்பூர்ப் பாலத்தடியில் எடுத்த நொய்யல் நீர். ஒன்று அமுச்சியின் கிணற்று நீர். மூன்றும் வற்றிய பின் முதல் கிண்ணத்தில் மெல்லிய படலம் மட்டும் இருந்தது. ஆற்று நீரில் பழுப்புக் கசடு. கிணற்று நீர்க் கிண்ணத்தின் அடி முழுதும் வெண்மையாகப் பொருக்கு! பார்வைக்கு மூன்றிலும் அமுச்சியின் தண்ணீரே பளிங்குபோல் இருந்தது என்பதை மறக்க முடியவில்லை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு துல்லியமாக அளக்கும் கருவி இல்லை. பொருக்கு இருந்தது, அவ்வளவே சொல்லலாம்.

வழக்கும் தீர்ப்பும்

கட்டிய அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர் கேட்டதாக நாங்கள் எழுதிய கற்பனை, கற்பனையன்று. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடக்கூடாது என்னும் நிலையை எட்ட வேண்டும் என 2006 டிசம்பரில் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 2009 அக்டோபரில் அங்கும் அதுவே உறுதியாயிற்று. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. பிறகும் ஆற்றில் நீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

எங்களில் பெரும்பாலோர் 2010-ல் பிறந்தவர்கள். அந்நாட்களில் நாங்கள் நடை பழகிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு நடந்ததைத் தோழியின் அப்பாவே சொன்னார். மாலையில் ஷிப்டு முடிந்து வந்து, கையெல்லாம் நீலமாக, திண்ணையில் அமர்ந்து சொன்னார். இனி அவர் வாய்மொழி.

"கோர்ட்டு ஆர்டர் வந்த அன்னிக்கு மெஷினை நிறுத்திட்டு வெளிய வந்தோம். பத்து நாள்ல தெறந்திடும்னாங்க. மாசக்கணக்கா தெறக்கலை. லோடு ஏத்துற வேலைக்குப் போனேன். இவ அம்மா பவர் டேபிள்ல கைமடி வேலைக்குப் போயி, சனிக்கிழமை சம்பளத்துல அரிசி வாங்குவா. ஊருக்குத் திரும்பிப் போன சனம் எத்தனையோ. வெவசாயிங்க கேட்டது தப்புன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நானும் வெவசாயி மகன்தான். தண்ணியில்லாமத்தான் இங்க வந்தேன்."

அமுச்சியின் பேத்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்பவர்கள். கட்டுரையில் யார் பக்கம் எழுதுவது என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. அணையை முதலில் எழுத வேண்டும் என்றாள் ஒருத்தி. பட்டறை மூடியதை முதலில் எழுத வேண்டும் என்றாள் மற்றவள். ஆண்டு வரிசைப்படி எழுதுங்கள் என்று சிஸ்டர் தீர்த்து வைத்தார்கள்.

உப்பைப் பிடிக்கும் வழி

பட்டறைகள் மெல்ல மெல்லத் திறந்தன. ஆனால் பழைய முறையில் அன்று. இப்போது கழிவு நீரை முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்கிறார்கள். பிறகு மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் நடப்பதே அங்கே பெரிய அளவில் நடக்கிறது. நல்ல நீர் ஒரு பக்கம் வந்து மீண்டும் சாயத்தொட்டிக்கே போகும். மறுபக்கம் உப்பு செறிந்த நீர் மிஞ்சும். அதை ஆவியாக்கும் கலன்களில் காய்ச்சினால் உப்பு பிரியும். அவ்வுப்பையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். எங்கள் கிண்ணத்தில் நடந்ததேதான். எங்களுக்கு ஒரு ஸ்பிரிட் விளக்கு போதும், அவர்களுக்குக் கொதிகலனும் விறகும் மின்சாரமும் வேண்டும். இதனால் சாயக் கூலி ஏறிவிட்டது. வெளிநாட்டில் சட்டையின் விலை அந்த அளவுக்கு ஏறியதா என்று கேட்டோம். தோழியின் அப்பா சிரித்தார். பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் இன்னும் மூட்டைகளில் தேங்கிக் கிடக்கின்றன என்பதையும் அவரே சொன்னார்.

சாயநீர் குறைந்ததால் நொய்யல் தெளிந்துவிட்டதா? இல்லை. இப்போது ஊர்ச் சாக்கடை விழுகிறது. அதற்கு எந்தப் பட்டறையும் பொறுப்பன்று. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வாழ்வோர் அனைவரின் வீட்டு நீர் அது. நிலத்தில் இறங்கிய பழைய உப்பும் அவ்வளவு எளிதில் வெளியேறாது. பல மழைக்காலங்கள் கழுவினால்தான் குறையும். அமுச்சியின் கிணறு அதற்குச் சான்று.

மகிழ்ச்சியான செய்தி ஒன்று நம் பக்கமிருந்தே வருகிறது. நல்லாறு நிரப்பும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல் அது. ஈரான் நாட்டில் ராம்சர் என்னும் ஊரில் 1971-ல் கையெழுத்தான உடன்படிக்கையால் அப்பெயர் வந்தது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்குவதுண்டு. நாங்கள் போனது கோடையாதலால் அவற்றைக் காணவில்லை. கூழைக்கடாக்களையும் நாரைகளையும் கண்டோம்.

அதே ஆகஸ்டு 17ஆம் நாள் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நம் தாத்தாமார் காலத்திலிருந்து கேட்டு வந்த திட்டம் அது. எத்தனை ஊர்வலம், எத்தனை உண்ணாவிரதம்! பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி உபரியாகச் செல்லும் நீரில் ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. அளவை, ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் மேடேற்றி, குழாய் வழியே 1045 குளம் குட்டைகளில் நிரப்புகிறார்கள். செலவு ஏறக்குறைய 1,916 கோடி ரூபாய். பள்ளத்தை நோக்கி ஓடுவதுதான் நீரின் இயல்பு. இங்கே அது மேடேறி வருகிறது. உபரி நீர் இருந்தால்தான் வரும் என்பது உண்மையே. ஆயினும் வறண்டு கிடந்த குளங்களில் தண்ணீர் வந்து நின்றதை எங்கள் ஊர்களில் பெரியவர்கள் தேங்காய் உடைத்து வரவேற்றதை நாங்களே பார்த்தோம்.

சிஸ்டர் கேட்டபடி வரைபடத்தைப் புதிதாக வரைந்தோம். வெள்ளியங்கிரி முதல் பேரூர் வரை நீலப் பென்சில் பிடித்தோம். நஞ்சராயன் குளத்துக்கும் நீலம். திருப்பூரிலிருந்து ஒரத்துப்பாளையம் வரை என்ன நிறம் தீட்டுவது என்று தோழியர் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவ்விடத்தைக் கறுப்புப் பென்சிலால் கோடு மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறோம்; சிஸ்டர் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டு, படத்தைப் புவியியல் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.